அறிவை மறைத்தல் அறமாகுமா?

பணிவு, கல்வி, தொண்டு ஆகிய மூன்றையும் நாம் தனித்தனியே புகழ்ந்து பேசுகின்றோம். பணிவு சிறுவர்க்கு உரியது, கல்வி இளைஞர்க்கு உரியது, தொண்டு ஓய்வு பெற்ற முதியோர்க்கு உரியது என்று ஒரு பங்கீடு நம் இல்லங்களில் எப்படியோ ஏற்பட்டுவிட்டது. நம் முன்னோர் அவ்வாறு பிரிக்கவில்லை. உமாஸ்வாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தில் அகத்தவங்கள் ஆறு என வகுத்து, அவற்றுள் விநயத்தையும் வையாவிருத்தியத்தையும் ஸ்வாத்தியாயத்தையும் அடுத்தடுத்து வைத்தார். விநயம் என்பது பணிவு. வையாவிருத்தியம் என்பது தொண்டு. ஸ்வாத்தியாயம் என்பது கல்வி. மூன்றும் ஒரே வரிசையில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கின்றன. உண்ணாநோன்பு முதலிய புறத்தவங்களைக் காட்டிலும் இவை நுண்ணியவை. பிறர் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளத்தில் நிகழ்பவை.

இம்மூன்றும் கூடும் இடத்தில் ஒரு வினா எழுகின்றது. நாம் அறிந்த ஒன்றைப் பிறர்க்குச் சொல்லாமல் இருப்பது குற்றமாகுமா? நாம் பொய் சொல்லவில்லை. பிறர் பொருளைக் கவரவில்லை. ஓர் உயிரையும் வதைக்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்போம், கேளாததால் சொல்லவில்லை. அணுவிரதங்கள் ஐந்தையும் வழுவாமல் காக்கின்றோம் என்ற மனநிறைவோடு இருக்கின்ற சிராவகர் ஒருவர் இந்த மௌனத்தினால் ஏதேனும் வினையைத் தேடிக்கொள்கின்றாரா? சிறிய வினாவைப் போலத் தோன்றினாலும், நம் அன்றாட வாழ்வின் பெரும்பகுதி இதற்குள் அடங்கிவிடுகின்றது.

ஞானத்தை மறைக்கும் வினை

எண்வினைகளுள் முதலாவதாக வைக்கப்பட்டது ஞானாவரணீயம். திருவுருவத்தின் முகத்தைத் துணியொன்று மறைப்பதுபோல, உயிரின் இயல்பாகிய அறிவை மறைத்து நிற்பது அது. அத்துணி எங்கிருந்து வருகின்றது? அறிவைக் குறித்து நாம் செய்யும் ஆறு தவறுகளால் அந்த வினை உயிரிடம் வந்து சேர்கின்றது என்று தத்துவார்த்த சூத்திரத்தின் ஆறாம் அத்தியாயம் விளக்குகின்றது. அவை பிரதோஷம், நிஹ்நவம், மாத்ஸர்யம், அந்தராயம், ஆஸாதனம், உபகாதம் என்பன. வடமொழிப் பெயர்களைக் கேட்டு இவை துறவியர்க்கு உரியவை என்று ஒதுக்கிவிட வேண்டா. ஒவ்வொன்றும் நம் வீட்டுக் கூடத்திலும் தெருவிலும் அலுவலகத்திலும் நாள்தோறும் நிகழ்வதே.

ஒருவர் நல்ல பொருளை விளக்கிக்கொண்டிருக்கும்போது, அவர் மீது கொண்ட வெறுப்பால் உள்ளுக்குள் புழுங்குவது பிரதோஷம். தெரிந்ததைத் தெரியாது என்று சொல்லி மறைப்பதும், யாரிடம் கற்றோமோ அவர் பெயரை மறைப்பதும் நிஹ்நவம். இவனும் கற்றுவிட்டால் நமக்குச் சமமாகி விடுவானே என்ற பொறாமையால் சொல்லித் தராமல் இருப்பது மாத்ஸர்யம். ஒருவர் கற்பதற்கு இடையூறு செய்வது அந்தராயம். பிறர் எடுத்துரைக்கும் அறிவை மதியாமல் சொல்லாலும் செயலாலும் தடுப்பது ஆஸாதனம். நல்லறிவின் மீது வீண்பழி சுமத்திக் கெடுப்பது உபகாதம்.

இந்தப் பட்டியலில் ஒன்றைக் கருத வேண்டும். இவற்றுள் சில, செய்யும் செயல்கள். சில, செய்யாமல் விடும் செயல்கள். சொல்லாமல் இருப்பதும் வினையே என்பது இங்குத் தெளிவாகின்றது. மறைக்கப்பட்டவன் அடையும் நட்டத்தைப் பற்றி ஆசாரியர் இவ்விடத்தில் பேசவில்லை. மறைப்பவனின் உயிரையே அவ்வினை சூழ்கின்றது என்கின்றார். பிறன் கண்ணுக்குத் திரையிடுபவன் தன் கண்ணுக்கே திரை நெய்துகொள்கின்றான்.

பூட்டி வைத்த பெருஞ்செல்வம்

ஆண்டுதோறும் ஸ்ருத பஞ்சமியன்று நாம் ஆகம நூல்களைப் பீடத்தில் ஏற்றி வழிபடுகின்றோம். அந்நாளின் வரலாற்றைச் சற்றே நினைத்துப் பார்க்க வேண்டும். கிர்நார் மலைக் குகையில் வாழ்ந்த தரசேன ஆசாரியர், தாம் அறிந்த ஸ்ருத ஞானம் தம்மோடு அழிந்துவிடுமோ என்று கவலை கொண்டார். தகுதியுடைய இரு முனிவர்களை அனுப்புமாறு சங்கத்திற்குச் செய்தி விடுத்தார். வந்தவர்களைச் சோதித்துத் தேர்ந்து, அனைத்தையும் கற்பித்தார். அவர்களே புஷ்பதந்தர், பூதபலி ஆகிய இருவர். அவர்கள் அதனை ஷட்கண்டாகமமாக ஏட்டில் எழுதி நிறைவு செய்த நாளே ஸ்ருத பஞ்சமி. ஆகவே, அறிவு ஒருவரிடமே தங்கி அழிந்துவிடக் கூடாது என்னும் அச்சத்திலிருந்து பிறந்த திருநாள் அது.

பின்னர் அந்நூலுக்கு வீரசேன ஆசாரியர் தவளம் என்னும் பேருரையை எழுதினார். காலம் செல்லச் செல்லப் பிற இடங்களில் ஏடுகள் மறைந்தன. தென்கன்னட நாட்டு மூடபித்ரியில் மட்டும் பழங்கன்னட எழுத்தில் அமைந்த பனையோலைகள் எஞ்சின. அங்குள்ளோர் அவற்றை உயிரினும் மேலாகப் போற்றிக் காத்தனர். அதற்காக உலகம் அவர்களுக்குக் கடமைப்பட்டுள்ளது. ஆயினும் பன்னெடுங்காலம் அவ்வேடுகள் தரிசனப் பொருளாகவே இருந்தன. நெடுந்தொலைவிலிருந்து வந்த யாத்திரிகர் கண்டு வணங்கினர்; படித்தவர் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில்தான் படியெடுக்கும் பணி தொடங்கியது. ஹீராலால் ஜைன் அவர்களைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1939இல் தவளத்தின் முதல் தொகுதி அச்சாகி வெளிவந்தது. 16 தொகுதிகளும் நிறைவுற ஏறத்தாழ 20 ஆண்டுகள் ஆயின.

தரசேனர் எதை அஞ்சினாரோ அது நிகழவிருந்தது. அவமதிப்பினால் அன்று, அளவுகடந்த மதிப்பினால்! கறையானும் ஈரமும் நாம் வைத்த மதிப்பை அறியா. மதிப்பும் கல்வியும் பிரிந்து நின்றால், மதிப்பே அறிவுக்குப் பூட்டாகிவிடும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுவதில்லை. நம் ஊர்களில் எத்தனையோ இல்லங்களில் பாட்டனார் காலத்து ஏட்டுச் சுவடிகளும் பழைய அச்சு நூல்களும் பட்டுத் துணியில் சுற்றப்பட்டுப் பெட்டியில் உறங்குகின்றன. வந்தவாசி, செஞ்சி, திண்டிவனம், ஆரணிப் பக்கத்து ஊர்களை விட்டுப் பல்லாவரம், தாம்பரம் என்று குடிபெயர்ந்தபோது, அவற்றை ஊரிலேயே பூட்டி வைத்துவிட்டு வந்தோரும் உண்டு. அவற்றை வணங்குகின்றோம். வாசிக்கின்றோமா?

கும்பகோணத்துச் சான்று

இனி இதன் மறுபக்கத்தைக் காண்போம். இது நம் தமிழ் ஜைனர் பெருமையுடன் நினைவுகூர வேண்டிய வரலாறு.

1880இல் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த உ. வே. சாமிநாதையரை, அங்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியார், சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று கேட்டார். சைவ மடத்தில் பயின்ற சாமிநாதையர் அதுகாறும் அந்நூலைப் படித்ததில்லை. ஏடு கிடைத்துப் படிக்கத் தொடங்கியபோது, சமண சமயக் கொள்கைகளும் மரபுச் சொற்களும் விளங்காமல் தவித்தார். கும்பகோணத்து ஜைனர் வீட்டை நாடிச் சென்றார். அன்று அவ்வீட்டில் விழாக்கோலம். காரணம் வினவியபோது, பல மாதங்களாகப் படித்து வந்த சிந்தாமணி அன்றுதான் நிறைவுற்றது என்று அறிந்து வியந்தார். தமிழ்ப் புலவர்களே மறந்திருந்த ஒரு காப்பியம், ஒரு சிறு சமூகத்தின் இல்லங்களில் ஆண்டுதோறும் வாசிக்கப்பட்டு வந்தது.

அங்கிருந்தோர் அவரை எவ்வாறு நடத்தினர் என்பதே நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது. வந்தவர் வேற்றுச் சமயத்தவர். சிந்தாமணியின் செல்வாக்கைக் குறைப்பதற்காகவே பெரியபுராணம் எழுந்தது என்று கூறும் மரபில் வந்தவர். அவரை ஐயுறுவதற்குக் காரணம் தேடியிருந்தால் கிடைத்திருக்கும். எங்கள் நூல் உமக்கு எதற்கு என்று ஒரு சொல் கூறி அனுப்பியிருக்கலாம். அவ்வாறு செய்யவில்லை. சந்திரநாத செட்டியார் முதலிய அன்பர்கள் அவருடைய ஐயங்களை நாள்தோறும் தீர்த்தனர். நூல்களையும் கொடுத்து உதவினர். 1887இல் சிந்தாமணி, நச்சினார்க்கினியர் உரையுடன் முழுமையாக அச்சேறியது. அதன் பின்னரே தமிழுலகம் தன் பழைய காப்பியங்களை ஒவ்வொன்றாகத் திரும்பப் பெற்றது.

அந்த உரையைப் பற்றியும் நம்மிடையே ஒரு செய்தி வழங்கி வருகின்றது. நச்சினார்க்கினியர் முதலில் எழுதிய உரையை ஜைனர் ஏற்கவில்லை என்றும், பின்னர் அவர் சித்தாமூருக்கு வந்து ஜைன நூல்களைப் பயின்று மீண்டும் உரை எழுதினார் என்றும் கூறுவர். குற்றங்கண்டு ஒதுக்கியதோடு நில்லாமல், கற்பித்துத் திருத்தினர் என்பது அச்செய்தியின் சாரம்.

கும்பகோணத்தில் விநயம் இரு திசையிலும் ஓடியது. தாம் கல்லூரி ஆசிரியராய் இருந்தும், அறியாததை அறியேன் என்று சொல்லி, பட்டம் பெறாத இல்லறத்தாரிடம் மாணவராய் அமர்ந்தார் சாமிநாதையர். தம் சமயத்தைச் சாராதவர் என்று பாராமல், கேட்டதற்கு மகிழ்ந்து சொன்னார்கள் அந்த இல்லறத்தார். யாரிடம் கற்றோம் என்பதையும் அவர் மறைக்கவில்லை; தம் வாழ்க்கை வரலாற்றில் பெயர் சொல்லி எழுதி வைத்தார். நிஹ்நவம் இல்லாத கல்வி என்பது இதுவே. நம் முன்னோர் கொடுத்ததனால் அவர்கள் இழந்தது யாது? ஒன்றும் இல்லை. ஒரு சிறு சமூகத்தின் நூலாக இருந்தது தமிழர் அனைவரின் நூலாயிற்று. கொடுக்காமல் இருந்திருந்தால், நாமே இன்று அதனை இழந்து நின்றிருக்கவும் கூடும்.

ஊரார் ஏற்ற பொறுப்பு

அறிவுடையவர் கொடுத்தால் போதுமா? கற்பாரையும் கற்பிப்பாரையும் தாங்கும் கடமை மற்றவர்க்கு இல்லையா? இதற்கும் நம் மண்ணிலேயே விடை உண்டு. வந்தவாசிக்கு அருகில், முற்காலத்தில் விடால் என்று வழங்கிய வேடலில், ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்த சோழர் காலக் கல்வெட்டு ஒன்று உள்ளது. அவ்வூர்ப் பள்ளியில் கனகவீரக் குரத்தியார் என்னும் பெண் ஆசிரியர் பெருந்தொகையான மாணவியர்க்குக் கற்பித்து வந்தார். அங்கு ஒரு பிணக்கு எழுந்தபோது, அவரையும் அவருடைய மாணவியரையும் காத்து உணவளிக்கும் பொறுப்பை ஊரார் ஏற்றுக்கொண்டனர். அதைக் கல்லிலும் வெட்டி வைத்தனர்.

பெண்களுக்குக் கல்வி வேண்டுமா என்று வாதாடிய காலம் வெகுதொலைவில் இல்லை. அதற்கு ஆயிரம் ஆண்டுகள் முன்னரே, ஒரு பெண் கற்பிப்பதையும் பெண்கள் கற்பதையும் ஓர் ஊர் தன் பொறுப்பாகக் கொண்டது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்துக் கன்னட நாட்டில் அத்திமப்பே என்னும் அம்மையார், பொன்ன கவி இயற்றிய சாந்தி புராணத்தை 1,000 படிகள் எழுதச் செய்து வழங்கினார். அச்சுப்பொறி இல்லாத காலம். ஒவ்வொரு படியும் ஓலையில் எழுத்தாணியால் கீறி எழுதப்பட வேண்டும். உணவு, மருந்து, சாத்திரம், அபயம் என்னும் நால்வகைத் தானங்களுள் சாத்திர தானம் எத்துணை உழைப்பைக் கோரியது என்பதை இதனால் உணரலாம். இன்று ஒரு நூலை நகலெடுக்கச் சில நிமிடங்கள் போதும். உழைப்பு குறைந்தது, தானம் பெருகியதா?

நம் பல்லாவரத்திலேயே ஒரு சான்று உண்டு. 1911இல் கிறித்தவக் கல்லூரிப் பணியைத் துறந்து இவ்வூரில் வந்து தங்கிய மறைமலையடிகள், 1950இல் மறையும் வரை இங்கேயே வாழ்ந்தார். சைவராகிய அவர் ஆயிரக்கணக்கான நூல்களை அரிதின் முயன்று சேர்த்தார், கண்ணெனக் காத்தார். அந்நூல்கள் தமிழ் மக்களுக்குப் பயன்பட வேண்டும் என்று விருப்ப முறி எழுதி வைத்தார். அவற்றைக் கொண்டே 1958இல் சென்னையில் மறைமலையடிகள் நூல்நிலையம் அமைந்தது. காப்பதும் கொடுப்பதும் ஒன்றுக்கொன்று பகையல்ல. கொடுப்பதற்காகவே காக்க வேண்டும் என்பதை அவர் வாழ்ந்து காட்டினார்.

நம் இல்லங்களில்

பெரியோர் வரலாறு கிடக்கட்டும். நம் வீட்டு நடப்புக்கு வருவோம்.

ஒரு படிப்புக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் எது என்பது ஒரு குடும்பத்துக்குத் தெரியும். அதே வயதுப் பிள்ளை உள்ள பங்காளி வீட்டிற்குத் தெரியாது. சொல்லிவிட்டால் போட்டி கூடிவிடும் என்று வாய்திறவாமல் இருந்து, நாள் கடந்த பின், அடடா, உங்களுக்குத் தெரியும் என்றல்லவா நினைத்தேன் என்று கூறுவோரை நாம் கண்டதில்லையா? இதற்குப் பெயர் மாத்ஸர்யம். 2014இல் மத்திய அரசு ஜைனரைச் சிறுபான்மையினராக அறிவித்தது. அதனால் கிடைக்கக்கூடிய உதவிகள் என்ன, சான்றிதழ் எங்கே பெறுவது என்பதையெல்லாம் நகரத்தில் உள்ளோர் எளிதில் அறிந்துகொள்கின்றனர். ஊரில் இரண்டு காணி நிலத்தை வைத்துக்கொண்டு மழையை எதிர்நோக்கும் குடும்பத்துக்கு அது தெரிவதில்லை. ஒரு தொலைபேசி அழைப்பில் தீரும் கடமை அது. அதைச் செய்யாமல், திருவிழாவில் சந்திக்கும்போது நலம் விசாரித்து என்ன பயன்?

இல்லத்தில் பாத்திரம் துலக்க வரும் அம்மையாரின் மகள் பத்தாம் வகுப்புப் படிக்கின்றாள். அவ்வீட்டில் அவளே முதலில் படிக்க வந்தவள். கணக்கில் ஓர் ஐயம் எழுந்தால் கேட்பதற்கு ஆள் இல்லை. நம் வீட்டில் பட்டதாரிகள் மூவர் இருக்கின்றோம். பழைய புடவையும் மீந்த பலகாரமும் கொடுப்பதை உதவி என்று எண்ணுகின்றோம். மாலையில் அரைமணி நேரம் அவளை உட்காரவைத்துச் சொல்லிக் கொடுப்பது நமக்குத் தோன்றுவதில்லை. தோன்றினாலும், தரையில் உட்கார்த்திச் சொல்லிக் கொடுத்தால் அதில் தானம் இருக்கலாம், விநயம் இல்லை. நம் பிள்ளை அமரும் நாற்காலியில் அவளும் அமர வேண்டும்.

வங்கியில் படிவம் நிரப்பத் தெரியாமல் நிற்கும் முதியவர், மருந்துச் சீட்டில் காலை எது மாலை எது என்று புரியாமல் விழிக்கும் தாயார், கைபேசியில் வந்த செய்தி மெய்யா பொய்யா என்று அறியாமல் பணத்தை இழக்கும் அண்டை வீட்டார் என்று கற்றவர் கடமை தெருவெங்கும் காத்திருக்கின்றது. கைபேசியைப் பற்றிப் பாட்டி கேட்கும்போது, உனக்குப் புரியாது, கொடு என்று பிடுங்கித் தானே அழுத்திக் கொடுத்துவிடுகின்றான் பேரன். வேலை முடிந்தது, பாட்டி கற்கவில்லை. நாளை மறுபடியும் அவனையே எதிர்பார்த்து நிற்பாள். உதவியைப் போலத் தோன்றினாலும் இது மறைத்தலே. பிறரை என்றும் நம்மைச் சார்ந்திருக்கச் செய்வது தொண்டாகாது.

வகுப்பறையிலும் இது நிகழும். ஆசிரியப் பயிற்சியில் முதற்பாடமாகச் சொல்லப்படுவது, தெரிந்ததிலிருந்து தெரியாததற்குக் குழந்தையை அழைத்துச் செல்ல வேண்டும் என்பது. அதற்கு அக்குழந்தைக்கு என்ன தெரியும் என்பதை முதலில் நாம் மதித்துக் கேட்க வேண்டும். கேள்வி கேட்ட பிள்ளையை மக்கு என்று ஒரு சொல் சொன்னால், அவன் அந்த ஆண்டு முழுவதும் வாய்திறக்க மாட்டான். உயிரைக் கொல்லவில்லை, அவ்வுயிரின் அறிவைக் கொன்றோம். ஸ்வாத்தியாயத்தின் ஐந்து பிரிவுகளுள் வாசித்தலுக்கு அடுத்ததாக வினவுதலை வைத்தார்கள் நம் ஆசாரியர்கள். கேள்வி கேட்பதும் தவமே என்றால், கேட்பவனைத் தலைகுனியச் செய்வது தவத்தைக் கலைப்பது ஆகாதா?

சில ஐயங்கள்

இங்குச் சில மறுப்புகள் எழக்கூடும். அவற்றை ஒதுக்கிவிடல் முறையன்று.

தகுதியில்லாதவர்க்கு அறிவைக் கொடுத்தால் தீங்கு விளையாதா என்பது ஒன்று. தரசேனரும் மாணவரைச் சோதித்த பின்னரே கற்பித்தார் என்று சுட்டிக்காட்டலாம். உண்மை. பிறரை வருத்தப் பயன்படும் அறிவையும், ஒருவர் நம்பிக் கூறிய மறைபொருளையும் காப்பது அகிம்சையின் பாற்பட்டது. ஆனால் தரசேனர் சோதித்தது கற்பிப்பதற்காக. மறுப்பதற்குக் காரணம் தேடுவதற்காக அன்று. தகுதி என்பது கற்கும் விருப்பமும் முயற்சியுமே. குலமும் செல்வமும் சமயமும் தகுதியை அளக்கும் கோல்களாயின், கும்பகோணத்துக் கதவு சாமிநாதையருக்குத் திறந்திராது.

கற்பித்தலைத் தொழிலாகக் கொண்டோர் ஊதியம் பெறலாமா என்பது மற்றொன்று. தாராளமாகப் பெறலாம். ஆசிரியர் குடும்பமும் உண்ண வேண்டுமே! வகுப்பில் சொல்ல வேண்டியதை வகுப்பில் சொல்லாமல் மறைத்து, அதையே மாலையில் தனிப்பயிற்சியில் விலைக்குக் கொடுப்பதுதான் பழிக்குரியது. உழைப்புக்கு ஊதியம் வேறு. மறைப்புக்கு ஊதியம் வேறு.

எங்களுக்கு நேரம் ஏது என்பது மூன்றாவது. காலை மின்சார ரயிலைப் பிடித்து இரவு வீடு திரும்பும் குடும்பங்களின் களைப்பு பொய்யன்று. ஆயினும் ஓர் எடுத்துக்காட்டைக் கூறுவேன். சித்தன்னவாசல் நமக்குத் தெரியும். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் நம் துறவியர் தங்கிய கற்படுக்கைகள் உள்ள குன்று அது. அதே புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991இல் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, ஊதியம் பெறாத தொண்டர்கள் மாலை நேரங்களில் தெருவிளக்கின் கீழும் திண்ணையிலும் அமர்ந்து எழுத்தறிவித்தனர். கற்க வந்த பெண்கள் வயலிலும் கல்குவாரியிலும் பகலெல்லாம் உழைத்தவர்கள். அவர்கள் எழுத்தோடு மிதிவண்டி ஓட்டவும் கற்றனர். கொரோனாப் பெருந்தொற்றினால் பள்ளிகள் மூடிக்கிடந்து பிள்ளைகள் பாடத்தை இழந்தபோது, 2021இல் தமிழ்நாட்டில் தொடங்கப்பட்ட இல்லம் தேடிக் கல்வித் திட்டத்திலும் தெருதோறும் தன்னார்வலர் முன்வந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் அதே தெருக்களில் வாழும் பெண்கள். ஓய்வு மிகுந்தவர்கள் செய்த பணியன்று அது. அக்கறை உள்ளவர்கள் ஓய்வைத் தேடி உண்டாக்கிக்கொண்டு செய்த பணி.

நாம் செய்யத்தக்கவை

2011ஆம் ஆண்டுக் கணக்கின்படி தமிழ்நாட்டில் ஜைனர் 90,000 பேர்கூட இல்லை. வடநாட்டிலிருந்து வந்து தங்கியோரும் அதில் அடக்கம். இத்துணைச் சிறிய சமூகம் தன் அறிவைத் தன்னுள்ளேயே வைத்துப் பூட்டினால் அது எத்தனை தலைமுறை நிற்கும்? மக்கட் கூடங்களைப் பள்ளிக்கூடம் என்று தமிழர் அழைக்கின்றனர். பள்ளி என்பது நம் அறவோர் உறைந்த இடத்தின் பெயர். அச்சொல் பொதுச்சொல்லாகிவிட்டது ஒன்றே, அவர்கள் கல்வியைத் தமக்கென்று வைத்துக்கொள்ளவில்லை என்பதைக் காட்டும்.

மகாவீரரின் 2500ஆவது நிர்வாண ஆண்டை ஒட்டி நம் பிரிவினர் அனைவரும் ஏற்றுக்கொண்ட பொதுச் சின்னத்தின் அடியில், உயிர்கள் ஒன்றுக்கொன்று துணை செய்வன என்னும் பொருளுடைய சூத்திரம் பொறிக்கப்பட்டுள்ளது. திருமண அழைப்பிதழ்களிலும் அதை அச்சிடுகின்றோம். அதன் பொருளை அழைப்பிதழோடு நிறுத்திவிடலாகாது.

வருகின்ற ஸ்ருத பஞ்சமிக்கு முன், பெட்டியில் உள்ள சுவடியையோ பழைய நூலையோ வெளியே எடுத்துத் தூசி தட்டுங்கள். படிக்கத் தெரிந்தவரிடம் காட்டி இன்ன நூல் என்று அறியுங்கள், படமெடுத்து வையுங்கள். வாரம் ஒரு நாள், வீட்டில் எல்லோரும் கூடியிருக்கும் நேரத்தில் ஒரு பக்கமேனும் உரக்க வாசியுங்கள். நீங்கள் அறிந்த பயனுள்ள செய்தியை, அதை அறியாத ஒரு குடும்பத்துக்கு, அவர்கள் கேட்கும் முன் சொல்லுங்கள். உங்கள் பிள்ளை தான் கற்றதில் ஒன்றை இன்னொரு பிள்ளைக்குக் கற்பிக்கட்டும். அது வேலைக்கு வருபவரின் பிள்ளையாக இருந்தால் மிகவும் நன்று. யாரிடம் எதைக் கற்றீர்களோ அவர் பெயரைச் சொல்லிப் பழகுங்கள். அவர் எழுத்தறியாதவராக இருப்பினும் சொல்லுங்கள்.

அருங்கலச்செப்புக்கு மூலமாகிய இரத்தினகரண்ட சிராவகாசாரத்தில், சமந்தபத்திர ஆசாரியர் எண்வகைச் செருக்குகளைக் கூறும்போது ஞானச் செருக்கையே முதலில் வைத்தார். தொண்டாக மாறாத கல்வி செருக்காகவே மாறும் என்பதை அவர் அறிந்திருந்தார். பெற்ற அறிவைப் பணிவோடு பிறர்க்குக் கொடுப்பவரிடம் செருக்குத் தங்க இடமில்லை. கொடுக்குந்தோறும் பெறுபவரின் இருள் நீங்குகின்றது. கொடுப்பவரின் உயிரைச் சூழ்ந்த திரையும் சிறிது விலகுகின்றது.

ஞானம் பரவுக, நல்லறம் வளர்க.